பூமாரி சும்மா இருந்து காட்டியது

பூமாரிக்குப் பொழுதுபோக்கு என்று எதுவுமே கிடையாது என்கிற உண்மை, செம்பூரில் உள்ள மகளிர் மனமலர்ச்சி மையத்தில், ஏசி நன்றாக ஓடுகிற ஓர் அறையில் வைத்துத்தான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அவளுக்கே அது தெரியாது. தாராவியில் அவள் குடியிருக்கும் சந்தில் யாருக்குமே தெரியாது. இப்படியொரு குறை இத்தனை வருஷமாக நம்மிடம் இருந்திருக்கிறதே, ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி திகைத்துப்போனாள்.

அவள் அங்கே போனது ஓர் இடத்துக்காக. பெரிய இடமெல்லாம் இல்லை. மாட்டுங்காவில், பூக்கடை வரிசை முடிந்து வாழையிலைக்காரர் கோமதிநாயகம் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சாக்கு விரிக்கிற அளவு நடைபாதை. அதில்தான் அவள் ஒயர் கூடைகளைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சிவன் கண் கூடை, நெல்லிக்காய் கூடை, தாம்பூலம் வைத்துக் கொடுக்கிற குட்டிக் கூடை. கணவன் நாகராஜ் வேலை பார்த்த தோல்பைப் பட்டறை ஊருக்கு வெளியே எங்கோ போய்விட்டது. பட்டறை போனபோது அவன் இடுப்பும் கூடவே போய்விட்டது. ஆக, வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சாக்கு விரித்த இடத்தால்தான். அதிலும் நவராத்திரிதான் முக்கியம். கொலு வைக்கிற வீடுகளிலிருந்து மாமிகள் வந்து குட்டிக் கூடைகளை அள்ளிக்கொண்டு போவார்கள்.

அந்த நடைபாதையைத்தான் அழகுபடுத்தப் போகிறோம் என்று தோண்டிப் போட்டார்கள். அழகு வந்து சேர்ந்ததும் ஓரமாகச் சின்னச் சின்னக் கடைகள் வரும், அவை பெண்களுக்கு மட்டும், யாருக்குக் கொடுப்பது என்பது மனமலர்ச்சி மையத்தின் பொறுப்பு என்று ஒரு போர்டும் வைத்தார்கள். வாசித்துச் சொன்னது கோமதிநாயகம்.

"எளா பூமாரி, ஒனக்கு யோகந்தான் போ. பொம்பளையளுக்குத்தான் கடையாம். எங்கம்மா என்னைய ஆம்பளையாப் பெத்து இப்பிடிக் கெடுத்துட்டாளே."

அப்படித்தான் அவள் செம்பூருக்கு பஸ் ஏறினாள்.

மையத்தில் அவளை விசாரித்தவர்கள் இருவர். திட்ட அலுவலர் சாருலதா, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண். பக்கத்தில் நிகில், லேப்டாப்போடு வந்த இளைஞன். மையத்தின் சேவையால் உலகத்தில் என்னென்ன மாற்றம் உண்டாகிறது என்று அளந்து பார்ப்பது அவன் உத்தியோகம். சுவரில் 'உங்கள் பொழுதுபோக்கே உங்கள் தொழில்' என்று எழுதியிருந்தது; அதன் கீழே படத்தில் ஒரு பெண் கண்ணை மூடிப் பூவை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்க எதுக்காகக் கூடை பின்றீங்க, பூமாரி ஜி?" என்று சாருலதா கனிவாகக் கேட்டாள்.

"சோத்துக்குத்தான் மேடம்."

நிகில் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். சாருலதாவின் கனிவு அப்படியே இருந்தது. கூட ஓர் அனுதாபமும் வந்து சேர்ந்துகொண்டது.

"பாருங்க, எங்க ஸ்கீம் என்னன்னா, ஒரு லேடிக்கு ஒரு ஹாபி இருக்கும். அதை நாங்க பிசினஸா மாத்துவோம். உங்ககிட்ட பிசினஸ் மட்டும்தான் இருக்கு. ஹாபியே இல்லையே. எதை எடுத்து எதா மாத்தறது?"

"எதையும் மாத்தாண்டாம் மேடம். கடை மட்டும் குடுத்தாப் போதும்."

"அது எப்படி? கடை குடுத்தா நீங்க வித்துருவீங்களே!"

"ஆமா மேடம்."

"பாத்தியா?" என்று சாருலதா நிகில் பக்கம் திரும்பினாள். திருடனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்பது போலிருந்தது அந்தத் திரும்பல்.

நிகில் தனக்குத் தெரிந்த தமிழில் நிலைமையை விளக்கினான். "ஆண்ட்டி, மத்லப், அதாவது... எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி உங்க சேல்ஸ் ஜீரோ இருக்கணும். அப்புறம் நாங்க வருவோம். அப்புறம் சேல்ஸ் மேல போகும். உங்களுக்கு முன்னாடியே சேல்ஸ் இருக்கு. கிராஃப் எங்கேர்ந்து ஏறும்?"

கிராஃப் ஏறுவதற்குத் தன்னாலான உதவி எதுவும் செய்ய முடியாத வருத்தத்தோடு பூமாரி வீட்டுக்கு வந்தாள். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டவள் மெஹராஜ். அடுத்த கோலியில், அதாவது அடுத்த ஒற்றையறை வீட்டில், இருப்பவள், ஜீன்ஸ் பேண்டுகளுக்கு நூல் பிசிறு வெட்டுகிறவள். வெட்டுகிற கை நிற்காமலே திட்டினாள்.

"சோத்துக்குன்னா சொன்ன? கிறுக்கி! கல்யாண வீட்டுக்குப் போயி எழவு சொன்ன மாதிரில்லா இருக்கு. டைம்பாஸுக்குன்னு சொல்லணும்ட்டீ. நேரம் போவாமக் கெடக்கேன், கையி சும்மா இருக்க மாட்டேங்கி, அதான் பின்னுதேன்னு சொல்லு. மூஞ்சிய வேற இப்பிடி வச்சிக்கிடாத. வயிறு ரொம்புன மாதிரி வையி."

"எப்பிடிக்கா வைக்க?"

மெஹராஜ் வைத்துக் காட்டினாள். அவளுக்கும் சரியாக வரவில்லை. முன்னே பின்னே பழக்கமில்லாத முகம்.

மறுபடி செம்பூர். "டைம்பாஸுக்குத்தான் மேடம் பின்னுதேன். அன்னைக்கிச் சோத்துக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்று பூமாரி ஒரே மூச்சில் ஒப்பித்தாள். சாருலதாவுக்கு ஏற்பட்ட ஆனந்தத்துக்கு அளவில்லை. அப்படியானால் உங்கள் ஓய்வு நேரம் எப்போது என்று கேட்டாள்.

"ஓய்வுன்னா மேடம்?"

"நீங்க சும்மா இருக்கற நேரம்."

பூமாரி தன்னுடைய நாளைத் திறந்து, அரிசி டின்னின் அடியைத் தடவுவது போலத் தடவிப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு பிடி கிடைக்காதா?

"பைப்புல தண்ணி வார வரைக்கும் லைன்ல நிப்பேம்லா. அப்பம் சும்மாதான் இருப்பேன்."

"அது வெயிட்டிங். ஓய்வு இல்ல."

"போன மழைக்கு டெங்கு வந்து படுத்துக் கெடந்தேன் மேடம். ஒரு சோலியும் பாக்கல."

"அது சிக் லீவ்" என்றான் நிகில்.

பூமாரியின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து மனமிரங்கி, மையம் ஒரு விதிவிலக்கு அளித்தது. வாயால் சொல்லி நிரூபிக்க முடியாதவர்களுக்கு நேரடிச் சோதனை உண்டு. அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள், அவள் சும்மா இருப்பதைத் தங்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

பூமாரி சும்மா இருப்பதற்குச் சந்தே ராப்பகலாகப் பாடுபட்டது. அவள் வீட்டுத் தண்ணீரை மெஹராஜ் பிடித்துக் கொடுத்தாள். துணியை எதிர்வீட்டுக்காரி வாங்கிப் போனாள். கணபதி விழா நடத்துகிற மண்டலிலிருந்து கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. நாகராஜை வெளியே போய்விட்டு வரச் சொன்னார்கள். அவன் ஏற்கெனவே வேலையில்லாமல் சும்மா இருக்கிறவன். ஒரே கோலியில் இரண்டு பேர் சும்மா இருந்தால் எந்தச் சும்மா யாருடையது என்று அதிகாரிகளுக்குக் குழப்பம் வரும் என்பது மெஹராஜின் அபிப்பிராயம்.

குளித்து, மஞ்சள் புடவை கட்டி, கையில் டீக் கிளாஸோடு பூமாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வாசலில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தன. வளர்ந்த ஒரு பெண் பகல் வேளையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதை அவை பார்த்ததில்லை. அந்தப் பக்கமாகப் போன ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பூமாரிக்கு மேலுக்குச் சொகமில்லையா? நர்ஸைக் கூப்பிடவா?" என்று பதறினாள். பூமாரிக்கும் அப்படித்தான் இருந்தது. விரல்கள் தாமாகவே டீக் கிளாஸைச் சுற்றி முடிச்சுப் போட்டன.

அதிகாரிகள் குனிந்து உள்ளே வந்தார்கள்.

"உங்க க்ரியேட்டிவ் கார்னர் எது?" என்று நிகில் கேட்டான். மாளா என்கிற பரணுக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒயர்க் கட்டுகள் தொங்கிய மூலையை அவள் காட்டினாள். வெளிச்சம் இல்லை, ஜன்னல் இல்லை, வெளியே பார்க்க ஒரு மரம்கூட இல்லை என்பதை அவன் வருத்தத்தோடு பதிந்துகொண்டான்.

"பின்னுங்க, பாக்கலாம்" என்றாள் சாருலதா.

பூமாரி கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். நாற்காலியும் புடவையும் கொடுத்த வேதனையெல்லாம் போய், மூச்சு சீரானது. அதிகாரிகளின் முகம்தான் மாறியது.

"ஐயோ, இவ்வளவு ஸ்பீடாவா? பாக்கறவங்களுக்கே டென்ஷன் வருது. ஹாபின்னா மெதுவா, ரசிச்சு... நடுவுல நிறுத்தி எங்கயாவது பாக்கணும்."

"எங்க மேடம் பாக்க?"

"எங்கயாவது. தூரத்துல."

தூரத்தில் பார்க்கக் கோலிக்குள் தூரம் இல்லாததால் பூமாரி சிலிண்டரைப் பார்த்தாள். மெதுவாகப் பின்னினால் எந்த ஒயர் எதற்கு அடியில் போக வேண்டும் என்பது மறந்துபோயிற்று. பிரித்தாள். மறுபடி பின்னினாள். "இப்ப நல்லாருக்கு" என்று நிகில் உற்சாகப்படுத்தினான்.

"அப்படியே ஏதாவது பாட்டு முணுமுணுங்க. மனசுக்குள்ள சந்தோஷமா இருக்கறவங்க முணுமுணுப்பாங்க" என்று சாருலதா சேர்த்துக்கொண்டாள்.

ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை. வாசலிலிருந்து மெஹராஜ் கையைக் காலை ஆட்டினாள். கடைசியில் பூமாரியின் மூக்கு வழியாக ஏதோ ஒரு மெட்டு வந்தது. அது நாகராஜின் போனில், பட்டறை முதலாளி கூப்பிடும்போது மட்டும் அடிக்கிற ரிங்டோன். பட்டறை போன பிறகு அது அடித்ததே இல்லை.

"பியூட்டிஃபுல்!" என்றாள் சாருலதா.

தேறிவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. பயிற்சி முடிந்து பட்டம் வாங்கும்வரை ஒரு கூடைகூட விற்கக் கூடாது.

"விக்காம எப்பிடி மேடம்?"

"இப்பதான் உங்களுக்கு ஒரு ஹாபி வந்திருக்கு. அது ரொம்ப மென்மையானது. வித்தா கெட்டுப்போயிடும். பின்னுங்க, மனசுக்காகப் பின்னுங்க. வித்ததாத் தெரிஞ்சா கடை கிடையாது."

மழைக்காலம் முழுக்கப் பயிற்சி நடந்தது. வகுப்புக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரத்தில் மனசுக்காகப் பின்னினாள். சீக்கிரமே ஒயர் வாங்க வழியில்லாமல் மனசு நின்றுபோயிற்று. பின்னி முடித்தவை கோலி முழுக்கத் தொங்கின. வெற்றிலைக்காரியின் மகள் ஒருத்தி வந்து குட்டிக் கூடை வேண்டும் என்று கெஞ்சியபோது, "இது விக்கதுக்கு இல்ல தாயி, டைம்பாஸுக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பூமாரி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நாகராஜ் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லில் ஒரு கோடவுனுக்கு மூட்டை இறக்கப் போனான். திரும்பி வந்தவனை மெஹராஜும் இன்னொருத்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே படுக்க வைத்தார்கள்.

படுத்தபடி அவன் மேலே பார்த்தான். "வீடு முச்சூடும் கூடையாத் தொங்குது. உள்ள போட்டு வைக்கத்தான் ஒண்ணையும் காணோம்" என்றான்.

"நவராத்திரி வரட்டும். கடை வந்துரும்."

"வரும் வரும்" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பயிற்சியில் அவள் பலவற்றைக் கற்றுக்கொண்டாள். செய்கிற வேலையை நேசிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு. தோல்வியைக் கொண்டாடுவது எப்படி என்று இன்னொரு வகுப்பு. அதில் ஒவ்வொரு பெண்ணும் தன் தோல்வியைச் சொல்ல, மற்றவர்கள் கைதட்டினார்கள். அணுசக்தி நகரிலிருந்து வந்த ஒருவர் தன் முதல் கேக் உப்பவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூமாரி எழுந்து, இன்று காலை வீட்டில் உலை வைக்கவில்லை என்றாள். தட்டத் தூக்கிய கைகள் மடிக்கே திரும்பின. அது தோல்வி வகையில் வராது, வேறு ஏதோ வகை, அதற்கு வேறு ஏதாவது மையம் இருக்கும் என்று ஆசிரியை மிகவும் மரியாதையாகச் சொல்லி உட்கார வைத்தார்.

பிறகு போட்டோ எடுத்தார்கள். மையத்தின் தலைவி ஷ்யாமளாவின் மாட்டுங்கா ஃப்ளாட்டில், மரம் தெரிகிற ஜன்னலோரம். பூமாரியின் முகத்துக்கு ஒருத்தி மாவு பூசினாள். கண்ணுக்கடியில் இருந்த கருப்பை எடுத்தாள். கையில் ஒரு பீங்கான் கோப்பை, மடியில் பாதி பின்னிய கூடை. "தூரத்துல பாருங்கோ" என்றார் ஷ்யாமளா. இந்த முறை தூரம் இருந்தது. பூமாரி பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, மரத்துக்கு அந்தப் பக்கம், தோண்டிப் போட்ட நடைபாதையின் ஒரு துண்டு தெரிந்தது.

பட்டமளிப்பு மாட்டுங்காவில் ஒரு கல்யாண ஹாலில் நடந்தது. ஷ்யாமளா பட்டுப்புடவை சரசரக்க எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். பெண்கள் கையில பணம் வரணும், பணம் வரணும்னு எல்லாரும் சொல்றா. நான் கேக்கறேன், பணம் யார் கையிலதான் வரலை? பெண்கள் கைக்கு வரவேண்டியது மலர்ச்சி. நம்ம மையம் ஆரம்பிச்சதுலேர்ந்து எத்தனையோ பெண்களுக்குப் பயிற்சி குடுத்தாச்சு. பெருமையாச் சொல்றேன், அதுல ஒருத்தருக்காவது தெருவில உக்காந்து எதையாவது விக்கற நிலைமை வந்துதா? வரலை. எதையுமே விக்கற நிலைமை வரலை!"

கைதட்டல். முன்வரிசையில் ஷ்யாமளாவின் கணவர் பஞ்சு எல்லாரையும்விட ஒரு கை அதிகமாகத் தட்டினார்.

"இதோ பூமாரி. வரச்சே எப்படி வந்தா? வெறும் கூடைக்காரியா வந்தா. காலங்கார்த்தால எழுந்து பின்றது, விக்கறது, பின்றது, விக்கறது. ஒரு ரசனை கிடையாது. இன்னிக்குப் பாருங்கோ, மூணு மாசமா ஒண்ணுகூட விக்கலை! முகத்துல எவ்வளவு சாந்தம்!"

எல்லாரும் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் பூமாரியின் முகத்தில் அசைவே இல்லை.

நிகில் திரையில் கிராஃபைக் காட்டினான். முன்பு பொழுதுபோக்கு பூஜ்யம், இப்போது நூறு. கோடு வலது மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. விற்பனைக்குத் தனிக் கோடு போடவில்லை. அது திட்டத்தின் நோக்கத்தில் வராது.

"நடைபாதையில முதல் இடம் பூமாரிக்குத்தான்!" என்று அறிவித்து, ஆள் உயரத்துக்குத் தெர்மோகோலில் செய்த சாவி ஒன்றை ஷ்யாமளா அவள் கையில் கொடுத்தார்.

பூமாரி சாவியைப் புரட்டிப் பார்த்தாள். "பூட்டு எங்கன மேடம் இருக்கு?" என்று காதோரம் கேட்டாள்.

"சிரி, சிரி. போட்டோ எடுக்கறா" என்றார் ஷ்யாமளா.

நவராத்திரியின் முதல் நாள், விடிந்ததும், கோலியில் தொங்கிய கூடைகளையெல்லாம் கழற்றிப் பழைய புடவையில் பெரிய மூட்டையாகக் கட்டினாள் பூமாரி. மெஹராஜ் தூக்கி விட்டாள். தலைச்சுமையோடு மாட்டுங்கா வந்து இறங்கியபோது அந்த இடமே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வழவழவென்று கல் பதித்திருந்தார்கள். தொட்டியில் செடிகள் இருந்தன. கோமதிநாயகத்தைக் காணோம். எதிர்ச்சந்தில் எங்கேயோ மறைந்து நின்று இலை விற்கிறாராம். கடை என்றும் எதுவும் இல்லை. ஆனால் அவள் சாக்கு விரிக்கிற இடத்தில், அச்சுப் பிசகாமல் அதே இடத்தில், கதவைப்போல இரண்டு மடங்கு உயரத்தில், உள்ளுக்குள் விளக்கு எரிய, ஒரு படம் நின்றது. ஜன்னலோரம் கோப்பையோடு உட்கார்ந்து தூரத்தில் பார்க்கிற ஒரு பெண்.

பூமாரி மூட்டையை அதன் காலடியில் இறக்கிச் சாக்கை விரித்தாள்.

"யக்கா, யக்கா! இங்கன உக்காரக் கூடாது." ஓடிவந்தவன் காவலுக்கு நின்ற மாரீஸ்வரன். ஆண்டாப் ஹில்லில் இருப்பவன்; அவள் ஊர்ப்பக்கத்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "இது இந்த மேடத்துக்குக் குடுத்த எடம். வேற ஆரையும் விடக் கூடாதுன்னு செம்பூர்லேருந்து ஆர்டரு. எடுங்க, எடுங்க. தெருவுல விக்கவங்க சாமான அள்ளுத கார்ப்பரேசன் வண்டி இப்பம்தான் அந்தப் பக்கம் போயிருக்கு."

"அந்த மேடம் நாந்தாம்யா."

மாரீஸ்வரன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தை. அவனுக்குப் பாவமாக இருந்தது.

"வெளையாடாதிய யக்கா."

"சத்தியமா நாந்தான். இந்தா, மூக்குத்தியப் பாரு. கூடையப் பாரு. அந்தக் கூடைதான் இது."

"கூடை எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். அந்தம்மா சும்மா இருக்கு. நீங்க வேர்த்து விறுவிறுத்துச் சொமையோட வந்து நிக்கிய. எனக்கு நம்பணும்னுதான் இருக்கு. மேல கேட்டா என்ன பதில் சொல்லுவேன்?"

அதற்குள் பூ வாங்கிக்கொண்டு வந்த ஒரு மாமி மூட்டைக்குள் குட்டிக் கூடைகளைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, இத்தனை நாளா எங்க போயிட்டே? சாயங்காலம் தாம்பூலத்துக்கு நிறைய வேணும். என்ன விலை?"

பூமாரியின் வாய் திறந்தது. மாரீஸ்வரன் கையை ஓங்காமல் உயர்த்தித் தடுத்தான். "வித்தியன்னா நிச்சயமா நீங்க அந்தம்மா இல்ல" என்றான். சொன்னதில் குற்றமில்லை. அவனிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

தெருமுனையில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது.

பூமாரி மூட்டையைச் சட்டென்று முடிந்து படத்துக்குப் பின்னால் தள்ளினாள். ஒரே ஒரு கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, வயிறு நிரம்பியதுபோல வைத்துக்கொண்டாள். கையை ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி வைத்தாள். தாடையைக் கொஞ்சம் தூக்கினாள். மாரீஸ்வரன் தள்ளி நின்று, படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இப்பம் கொஞ்சம் அந்தம்மா சாடைதான்" என்றான். "அப்பிடியே இருங்க. அசையாதிய."

வண்டி அருகே வந்து வேகம் குறைத்தது. அவளைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது, போய்விட்டது. போகிற வழியில் எதிர்ச்சந்தில் நுழைந்தது.

மாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இன்னும் மூன்று மாமிகள் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் பர்ஸையே திறந்துவிட்டார். "கூடை என்ன விலைன்னு கேக்கறேன், காது கேக்கலையா? சொல்லும்மா, நாழியாறது!"

பூமாரி தூரத்தில் பார்த்தபடி, பட்டறை முதலாளியின் ரிங்டோனை முணுமுணுக்கத் தொடங்கினாள்.